உப்பு கேட்ட பிள்ளை: ஓர் அட்ரீனல் நோயின் நிகழ்வு ஆய்வு

1940ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் மூன்று பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் லாசன் வில்கின்ஸ். பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஹாரியட் லேன் குழந்தைகள் பிரிவில் ஹார்மோன் கிளினிக் நடத்தியவர். இன்னொருவர் கர்ட் ரிக்டர். அதே ஹாப்கின்ஸில் எலிகள் எதைத் தின்கின்றன, எவ்வளவு தின்கின்றன, ஏன் தின்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். குழந்தை மருத்துவரும் எலி ஆராய்ச்சியாளரும் சேர்ந்து எழுத நேர்ந்தது மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவனால். வார்டில் சேர்த்து ஏழே நாளில் இறந்துபோனவன் அவன்.

சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஹார்மோன் சுரப்பியான அட்ரீனலின் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் இந்தக் கேஸில்தான் தொடங்குவேன். சோர்வு, எடை குறைதல், தோல் கறுத்தல், ரத்த அழுத்தம் சரிதல் என்று பாடப்புத்தகம் அடுக்கும் வரிசையில் நோயாளிகள் வந்து நிற்பதில்லை. இந்தப் பையன் வந்ததோ அதற்கு நேர் எதிரான தோற்றத்தில். அவனுக்கு என்ன குறை என்பதை அவன் வீட்டில் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

சேர்த்தபோது

பருவ வயதுக்குரிய உடல் மாற்றங்கள் மூன்றரை வயதிலேயே தெரிந்தன. அதை ஆராயத்தான் மருத்துவமனையில் சேர்த்தார்கள். வாந்தி, மயக்கம் என்று யாரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவரவில்லை.

இப்படி வரும் ஆண் குழந்தைகள் பெரும்பாலும் வயதுக்கு மீறிய உயரமும் தசைக்கட்டுமாக இருப்பார்கள். பார்க்கிறவர்கள் 'நல்ல ஊட்டம்' என்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை எட்டு வயதுப் பிள்ளை போல நிற்கும். உள்ளே எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் சீக்கிரமே மூடிக்கொண்டு வருவதால், பிறகு அதே பிள்ளை குள்ளமாக நின்றுவிடும். அது வேறு கதை.

அன்றைய மருத்துவர்கள் யோசித்த திசையைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. சிறு வயதில் பருவ மாற்றம் என்றால் எங்கோ ஒரு ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது. மூளையா, விரையில் கட்டியா, அட்ரீனல் சுரப்பியா? அட்ரீனல் கட்டி ஆண் ஹார்மோனைக் கொட்டும் என்பது தெரிந்திருந்தது. கட்டி இல்லாமலே சுரப்பி பெருத்திருப்பதும் தெரிந்திருந்தது. எந்தப் பக்கம் போனாலும் கேள்வி ஒன்றுதான்: எது மிகை? எது குறை என்று கேட்கும்படி அந்தப் பையனின் தோற்றத்தில் ஒன்றும் இல்லை.

வீட்டில் நடந்தது

அவன் இறந்த பிறகு பெற்றோர் எழுதிய கடிதம் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. நோய் வரலாறு எப்படி எடுக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. எழுதியவர்களுக்கு மருத்துவம் தெரியாது. கண்ணால் கண்டதை, கண்ட வரிசையிலேயே சொல்கிறார்கள்.

ஒரு வயது வாக்கில் உப்புத் தூவிய பிஸ்கட்டுகளின் மேலிருந்த உப்பை மட்டும் நக்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறான். அப்போது அவனுக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் வைத்திருந்தான், வேண்டியதைத் தெரியப்படுத்திவிடுவான். நன்றாக மென்று விழுங்கும்படி எதையாவது பழக்க வேண்டுமே என்று பெற்றோர் பலதையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை வயதில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது பெரியவர்கள் குப்பியிலிருந்து உப்பைத் தூவிக்கொள்வதைப் பார்த்துவிட்டு அவனும் கேட்டிருக்கிறான். பிடிக்காது என்று நினைத்து நாலு உப்புக் கல் கொடுத்தார்கள். தின்றுவிட்டு மறுபடியும் கேட்டான். அந்தக் குப்பிக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள அவனுக்கு அந்த ஒரு தடவை போதுமாக இருந்தது.

அதன் பிறகு சில நாள், மதியம் உப்பில்லாத சாப்பாட்டை ஊட்டும்போது, மேசையில் இல்லாத எதையோ கேட்டு அழுதுகொண்டே அலமாரியைக் காட்டியிருக்கிறான். அம்மாவுக்கு உப்பு ஞாபகம் வரவில்லை. என்னதான் வேண்டும் என்று பார்க்க அவனைத் தூக்கி அலமாரி முன் பிடித்தாள். கை நேரே உப்புக்குப் போனது. என்ன செய்கிறான் பார்ப்போம் என்று அவனிடமே விட்டாள். கொஞ்சம் கொட்டிக்கொண்டு, விரலைத் தொட்டுத் தொட்டுத் தின்றான்.

அன்றிலிருந்து உப்பில்லாமல் எந்தச் சாப்பாடும் இறங்கவில்லை. இவ்வளவு உப்பைத் தின்கிறானே என்று பயந்துபோய், மருத்துவரிடம் கேட்கும் வரைக்கும் என்று உப்பை மேசையிலிருந்து எடுத்து ஒளித்தும் வைத்திருக்கிறார்கள். உள்ளூர் மருத்துவர், கொடுங்கள், ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டார். காரணம் தெரிந்து சொன்னாரா என்பது இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே சரியான வைத்தியம் அந்த வார்த்தைதான்.

பேசத் தொடங்கியபோது முதலில் வந்த சில சொற்களில் 'உப்பு'ம் ஒன்று. அவனுக்கு ரொம்பப் பிடித்தவை என்று பெற்றோர் போட்ட பட்டியலைப் பாருங்கள்: உப்பு பிஸ்கட், பிரெட்ஸல், உருளைக்கிழங்கு வறுவல், ஆலிவ், ஊறுகாய், மீன், உப்புக் கானாங்கெளுத்தி, மொறுமொறுப்பாக வறுத்த பேக்கன். காய்கறி என்றால் மேலே இன்னும் உப்பு போட வேண்டும். அலமாரி முன்னால் அம்மாவின் கையில் இருந்தபடி நீட்டிய அந்த விரலை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிற்காலத்தில் ரத்தப் பரிசோதனை சொல்லப்போகும் விடையை அந்த விரல் அப்போதே காட்டிவிட்டது.

ஏழு நாள்

வார்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் என்ன சாப்பாடோ அதுதான் அவனுக்கும். உப்பைத் தடுக்க வேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை. மேசையில் உப்புக் குப்பி இல்லை, அவ்வளவுதான். ஏழாம் நாள் இறந்துபோனான்.

பிரேதப் பரிசோதனையில் அட்ரீனல் சுரப்பி பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் அதை நிறைத்திருந்தவை ஆண் ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்கள். உயிரைக் காக்கும் ஹார்மோன்களைச் சுரக்க வேண்டிய இயல்பான புறணித் திசுவின், அதாவது சுரப்பியின் வெளி அடுக்கின், இடத்தை அவை பிடித்துக்கொண்டிருந்தன. வில்கின்ஸும் ரிக்டரும் தலைப்பிலேயே 'அட்ரீனல் புறணிக் குறைபாடு' என்று எழுதினார்கள். சுரப்பி பெருத்திருக்கிறது, ஆண் ஹார்மோன் வழிகிறது, ஆனாலும் பிள்ளை இறந்தது குறைபாட்டால். அன்றைக்கு இது பெரிய வாக்குமூலம்.

தங்கள் வார்டில், தங்கள் பொறுப்பில் இறந்த பிள்ளையின் கதையை, வீட்டில் அவன் எப்படி உயிரோடு இருந்தான் என்ற விவரத்தோடு சேர்த்து அச்சில் போட்டார்கள். அதற்காகவே அந்த இருவர்மீதும் எனக்கு மரியாதை உண்டு.

கையில் மருந்து இருந்தும்

வேதனையான விஷயம், 1940இல் இந்தப் பிள்ளையைக் காப்பாற்றத் தேவையானதில் பாதி மருத்துவத்தின் கையில் இருந்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன், அட்ரீனல் அழிவால் வரும் நோயை 1855லேயே விவரித்துவிட்டார். 1930களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ராபர்ட் லோப், அடிசன் நோயாளிகளின் ரத்தத்தில் சோடியம் குறைவதையும், உப்பு கொடுத்தால் தேறுவதையும் காட்டினார். உப்பைத் தக்கவைக்கும் செயற்கை ஹார்மோனான டெசாக்சிகார்ட்டிகோஸ்டிரோன் 1937லேயே தயாராகிவிட்டது. அதே வேலையைச் செய்யும் இயற்கை ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் அப்போது கைக்கு வரவில்லை. அதைப் பிரித்தெடுத்தது 1953இல்.

ஆக, அடிசன் நோயாளி என்று தெரிந்திருந்தால் வைத்தியம் உண்டு. இந்தப் பிள்ளையை அப்படி நினைக்க விடாமல் தடுத்தது அவனுடைய திடகாத்திரமான உடம்பு. அட்ரீனல் நோய்களை அப்போது இரண்டு அறைகளில் பிரித்து வைத்திருந்தார்கள்: மிகை இந்தப் பக்கம், குறை அந்தப் பக்கம். ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்து வரும் என்பதற்கு மருத்துவ எழுத்தில் முன்னுதாரணம் இருந்தது என்பதுதான் கொடுமை. 1865இல் நேப்பிள்ஸ் நகரத்து உடற்கூறியலாளர் லூயிஜி டி கிரெக்கியோ ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்து எழுதிவைத்திருந்தார். வாழ்ந்ததெல்லாம் ஆணாக; உள்ளே இருந்தவை கருப்பையும் சூலகங்களும்; அட்ரீனல்கள் மிகப் பெரியவை. அவர் இறந்தது வாந்தி, பேதி, கடும் தளர்ச்சி என்று படுத்து. படித்தவர்கள் உடலமைப்பின் அதிசயத்தைத்தான் பார்த்தார்கள். எப்படிச் செத்தார் என்ற கடைசிப் பத்தி கவனத்துக்கு வரவில்லை.

எலிகள் ஏற்கெனவே சொன்னது

ரிக்டர் ஏன் இந்தக் கட்டுரைக்குள் வந்தார் என்பதற்கு நான்கு வருஷம் பின்னால் போக வேண்டும். 1936இல் அவர் எலிகளின் அட்ரீனல் சுரப்பிகளை எடுத்துவிட்டு, கூண்டில் உணவோடு சாதாரணத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் தனித்தனியாக வைத்தார். வழக்கமான தீனி மட்டும் கிடைத்த எலிகள் சில நாளில் செத்தன. உப்புத் தண்ணீர் கிடைத்தவை அதையே தேடித் தேடிக் குடித்துப் பிழைத்தன. யாரும் பழக்கவில்லை. என்ன வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் 1939இல் அவர் சுவை வரம்பை அளந்தார். சாதாரண எலி, தண்ணீரில் உப்பு 0.055 சதவீதம் இருந்தால்தான் வித்தியாசம் கண்டுபிடிக்கும். அட்ரீனல் இழந்த எலி 0.0037 சதவீதத்திலேயே கண்டுபிடித்துவிட்டது. ஏறத்தாழ 15 மடங்கு கூர்மை. நாக்கே கூர்மையாகிவிடுகிறது என்று ரிக்டர் நினைத்தார். 1950இல் ஃபாஃப்மன், பேர் (Bare) என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சுவை நரம்பின் மின்துடிப்பைப் பதிவு செய்து பார்த்தபோது இரு வகை எலிக்கும் நரம்பு ஒன்றுபோலத்தான் வேலை செய்தது, கூடியிருந்தது ஆசை. பின்பு 1963இல் ஹென்கினும் குழுவினரும் மனிதர்களிடம் சோதித்தார்கள். வைத்தியம் இல்லாத அட்ரீனல் குறைபாட்டுக்காரர்கள் சாதாரண ஆட்களால் உணரவே முடியாத அளவு உப்பையும் நாக்கில் உணர்ந்தார்கள். டெசாக்சிகார்ட்டிகோஸ்டிரோன் கொடுத்தும் அது மாறவில்லை. அட்ரீனலின் இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசால் வகை ஸ்டீராய்டு கொடுத்ததும் மாறியது.

உப்பு வெறிக்கு இன்று சொல்லப்படும் விளக்கம் இது. ஆல்டோஸ்டிரோன் இல்லாவிட்டால் சிறுநீரகம் சோடியத்தை வெளியே விட்டுவிடும். கூடவே தண்ணீரும் போகும். ரத்தத்தின் அளவு குறையும்போது சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை ஏராளமாகச் சுரக்கும். அதன் வழியாக உண்டாகும் ஆஞ்சியோடென்சின் மூளையில் தாகத்தையும் உப்பு ஆசையையும் தூண்டும். பிள்ளை அடம்பிடிப்பதாக நமக்குத் தோன்றும். அவனுடைய மூளைக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இன்றைய பெயர்

அன்று சந்தேகித்த அட்ரீனல் கட்டி என்றால் பெரும்பாலும் ஒரு பக்கச் சுரப்பியில் இருக்கும். இயல்பான திசுவும் மீதி இருக்கும். ஆண் ஹார்மோன் மிகையோடு உப்பு இழப்பும் சேர்ந்து வந்தால், இன்று எந்தக் குழந்தை ஹார்மோன் மருத்துவரும் முதலில் சொல்லும் பெயர், 21-ஹைட்ராக்சிலேஸ் நொதிக் குறைபாட்டால் வரும் பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி. வார்டு வழக்கில் சி.ஏ.எச். இதன் தம்பியான 11-பீட்டா ஹைட்ராக்சிலேஸ் குறைபாட்டிலும் ஆண் ஹார்மோன் கூடும். ஆனால் அங்கே உப்பு தங்கும், ரத்த அழுத்தம் ஏறும். உப்புக்கு அழுத பிள்ளைக்கு அது பொருந்தாது.

அட்ரீனல் புறணி கொழுப்பிலிருந்து மூன்று வகை ஹார்மோன்களைச் செய்கிறது: உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோன், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் தாங்கும் கார்ட்டிசால், அப்புறம் ஆண் ஹார்மோன்களான ஆண்ட்ரோஜன்கள். முதல் இரண்டுக்கும் போகும் வழியில் 21-ஹைட்ராக்சிலேஸ் வேண்டும், மூன்றாவதற்கு வேண்டாம். இரண்டு மடையை அடைத்துவிட்டால் வரும் தண்ணீர் முழுக்க மூன்றாவது வாய்க்காலில்தானே பாயும். கார்ட்டிசால் வரவில்லை என்று, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, அட்ரீனலை முடுக்கும் ஏ.சி.டி.எச். ஹார்மோனை மேலும் மேலும் அனுப்பும். சுரப்பி பெருக்கும். பெருக்கப் பெருக்க ஆண்ட்ரோஜன்தான் கூடும். குறைபாடுதான் மிகையை உண்டாக்குகிறது. அந்தப் பிள்ளையின் தசைக்கட்டும் உப்புப் பசியும் ஒரே பழுதின் இரு விளைவுகள்.

இது புரிந்த பிறகு வைத்தியமும் புரிந்தது. 1950இல் பால்டிமோரில் வில்கின்ஸும் பாஸ்டனில் பார்ட்டர், ஆல்பிரைட் குழுவினரும் இத்தகைய நோயாளிகளுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார்கள். ஏற்கெனவே பெருத்துக் கிடக்கும் அட்ரீனலுக்கு மேலும் அட்ரீனல் ஹார்மோனா என்று கேட்கத் தோன்றும். கொடுத்தார்கள், ஆண் ஹார்மோன் இறங்கியது. உப்பு கேட்ட பிள்ளைக்குப் பத்து வருஷம் கழித்து, அதே வில்கின்ஸ்.

இன்று இப்படி ஒரு பிள்ளை வந்தால்

மூன்றரை வயதில் பருவ அறிகுறி என்றால், மூளை தொடங்கிவைத்த பருவமா, அட்ரீனல் செய்யும் வேலையா என்பதை உடல் பரிசோதனையே ஓரளவு பிரித்துவிடும். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது பார்ப்போம். காலையில் எடுத்த ரத்தத்தில் 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் (17 ஓ.எச்.பி.) பார்ப்போம், அடைபட்ட மடைக்கு முன்னால் தேங்குவது அதுதான். டெசிலிட்டருக்கு நூறு, இருநூறு நானோகிராமுக்குள் இருக்க வேண்டியது பல ஆயிரத்தில் நிற்கும். சந்தேகம் மிச்சமிருந்தால் ஏ.சி.டி.எச். ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளப்போம்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது சோடியமும் பொட்டாசியமும். நோயின் பெயர் தெரிய ஒரு வாரம் ஆகலாம். பொட்டாசியம் ஏறிப்போன இதயம் ஒரு வாரம் காத்திருக்காது. இந்த நோயில் சோடியம் இறங்கும், பொட்டாசியம் ஏறும், ரத்தத்தில் அமிலம் கூடும், சர்க்கரை சரியலாம். ரெனின் எகிறியிருக்கும். சோடியம் இன்னும் இயல்பாக இருந்து ரெனின் மட்டும் ஏறியிருந்தால், பிள்ளை எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் அம்மாவிடம் கேட்க வேண்டும்: ஊறுகாய், அப்பளம், கல் உப்பு என்று எதையாவது விடாமல் கேட்கிறானா?

பச்சிளங்குழந்தையில் கதை இன்னும் அவசரமானது. இந்த நோயின் கடுமையான வகையில் நான்கில் மூன்று குழந்தைகள் உப்பை இழப்பவை. பெரும்பாலும் பிறந்த இரண்டாம், மூன்றாம் வாரத்தில் விழும். பெண் குழந்தை என்றால் பிறப்புறுப்பின் தோற்றத்தைப் பார்த்துப் பிரசவ அறையிலேயே சந்தேகம் வந்துவிட வாய்ப்புண்டு. ஆண் குழந்தை பார்வைக்கு இயல்பாக இருக்கும். விதைப்பை கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருக்கலாம், நம் நிறத்தில் அதை யார் கவனிப்பது? அது வீட்டுக்குப் போகும், பால் குடிக்காது, கக்கும், எடை இறங்கும். 'பால் சேரவில்லை' என்பார்கள். அடுத்து இரைப்பை வாய் அடைப்பு என்று சந்தேகிப்பார்கள். அதுவும் ஆண் குழந்தைகளுக்குத்தான் அதிகம், வயதும் கிட்டத்தட்ட அதுதான். பிரிப்பது எளிது. அடைப்பில் பொட்டாசியம் இறங்கி ரத்தம் காரமாகும். இதில் பொட்டாசியம் ஏறி ரத்தம் அமிலமாகும்.

இந்த இடத்தில் ஒரு பொறி உண்டு. குதிகாலில் அழுத்தி எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும். 'சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியிருக்கிறது' என்று லேப் எழுதிவிட்டால், இரவுப் பணி மருத்துவர் நிம்மதியாக அதை ஒதுக்கிவிடுவார். பொட்டாசியத்தை அப்படி விளக்கலாம். பக்கத்திலேயே 120க்கு இறங்கிக் கிடக்கும் சோடியத்தை அப்படி விளக்க முடியாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த நோய் கண்ணில் படும்.

சந்தேகம் வலுத்தால் ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்ட்டிசோன் (மருந்தாகக் கொடுக்கும் கார்ட்டிசால்) ஊசி போட்டுவிட வேண்டும். பச்சிளங்குழந்தைக்கு 25 மி.கி., நம் சிறுவன் வயதுக்கு 50, பெரியவருக்கு 100. கூடவே நார்மல் சலைன், சர்க்கரை. ஒரு டோஸ் தவறாகப் போய்விட்டால் கேடு ஒன்றும் பெரிதாக இல்லை. கொடுக்காமல் விட்டால் பிள்ளை போய்விடும். பிறகு தினமும் ஹைட்ரோகார்ட்டிசோன் மூன்று வேளை, உப்பைத் தக்கவைக்கும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரை, கைக்குழந்தைக்குப் பாலோடு ஒன்றிரண்டு கிராம் உப்பு. ஆமாம், சாதாரண உப்பு. குழந்தைக்கு உப்பு ஆகாது என்று பாட்டி ஒளித்து வைத்துவிடாமல், வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்க வேண்டும். ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் கையிருப்பு வைத்துக்கொள்ளச் சொல்வது நல்லது. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் இரண்டு, மூன்று மடங்கு. வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசி. எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது.

பெரியவர்களிடம்

அடிசன் நோய் வந்த பெரியவர்களிடமும் உப்பு ஆசை உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். மோரில் இரண்டு கை உப்பு போட்டுக் குடிப்பதை யாரும் நோயாக நினைத்து மருத்துவரிடம் வருவதில்லை. வயிற்று வலி, வாந்தி, எடைக்குறைவு என்று எண்டாஸ்கோபி வரைக்கும் போயிருப்பார்கள். மன அழுத்தம் என்று மாத்திரையும் சாப்பிட்டிருப்பார்கள். நம் நிறத்தில் கறுத்துப்போவது எளிதில் தெரியாது என்பதால் உள்ளங்கை ரேகை, ஈறு, நாக்கு, விரல் மூட்டு, புதுத் தழும்பு இவற்றைத்தான் பார்க்க வேண்டும். பழைய போட்டோ ஒன்றைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அருமையான பரிசோதனை. நம் நாட்டில் காசநோய் இன்னும் அட்ரீனலை அழிக்கிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இருக்கும் கொஞ்சநஞ்சக் கார்ட்டிசாலையும் ஈரல் வேகமாகக் கரைக்கும்படி செய்துவிடும். சிகிச்சை தொடங்கிய சில வாரத்தில் நோயாளி தேறுவதற்குப் பதில் சரிந்தால் அட்ரீனல் ஞாபகம் வர வேண்டும்.

மூட்டுவலிக்கு என்று பெயர் தெரியாத பொடியிலோ மாத்திரையிலோ ஸ்டீராய்டு சாப்பிட்டு, திடீரென நிறுத்திச் சரிபவர்கள் வேறு வகை. அங்கே கார்ட்டிசால்தான் இல்லை. ஆல்டோஸ்டிரோன் ரெனினின் ஆணையில் நடப்பதால் தப்பித்துவிடும். அவர்களுக்குத் தோல் கறுக்காது, பொட்டாசியம் ஏறாது, உப்பு ஆசையும் இராது. உப்பு ஆசை இருந்தால் பழுது சுரப்பியிலேயே இருக்கிறது என்று நினைக்கலாம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். உப்பை நக்கும் பிள்ளை எல்லாம் அட்ரீனல் நோயாளி இல்லை. இரும்புச்சத்துக் குறைவில் கண்டதையும் தின்னும் ஆசை வரும்; சிறுநீரகக் குழாய் நோய்கள் சிலவற்றிலும் உப்பு வெளியேறும்; பல பிள்ளைகளுக்கு வெறும் நாக்கு ருசிதான். நன்றாக வளர்ந்து, ஓடியாடி விளையாடும் பிள்ளை ஊறுகாய் கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை. எடை ஏறாதது, அடிக்கடி வாந்தி, சாதாரணக் காய்ச்சலுக்கே துவண்டு விழுவது, வயதுக்கு மீறிய வளர்ச்சி, இவற்றில் ஒன்றோடு உப்பு ஆசையும் சேர்ந்தால் சோடியம், பொட்டாசியம் பார்த்துவிட வேண்டும். செலவு பெரிதில்லை, எந்தத் தாலுகா மருத்துவமனை ஊரிலும் செய்யலாம்.

நம் ஊரில்

இந்த நோய் பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான மரபணு வந்தால்தான் வெளிப்படும். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் இன்னும் நடக்கும் தமிழ்நாட்டுக்கு இது தூரத்து விஷயமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை, மும்பை, டெல்லி, ஹைதராபாத், கொல்கத்தா என ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ 5,700 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நோய் இருந்தது. சென்னையில் மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 2,000க்கு ஒன்று. குதிகாலில் ஒரு துளி ரத்தத்தை வடிதாளில் எடுத்து 17 ஓ.எச்.பி. அளக்கும் முறை 1977லேயே வந்துவிட்டது. பிறந்து 48 மணி நேரம் கழித்து எடுத்தால் நம்பகமாக இருக்கும். குறைமாதக் குழந்தைகளில் பொய்யாகக் கூடிக் காட்டும் என்பதால் மறுபடி பார்க்க வேண்டும். நம்மூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் இது இன்னும் நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்ற நோய்களைக் கண்டுபிடிக்கக் காலம் கிடைக்கும். இந்த நோய் தரும் அவகாசம் இரண்டு வாரம்.

அது வரைக்கும் நம்மிடம் இருப்பது கேள்விதான். கர்ப்பிணியின் குறிப்பேட்டில் 'முதல் குழந்தை, ஆண், பிறந்து 20 நாளில் இறப்பு, காரணம் வாந்தி பேதி' என்று ஒரு வரி பல ஊர்களில் கிடக்கிறது. அந்த வரியைப் பார்த்ததும் நிறுத்தி விசாரிக்க வேண்டும்: சொந்தத்தில் கல்யாணமா, குழந்தை பால் குடிக்காமல் கக்கியதா, உடம்பு கறுத்திருந்ததா, அன்று எடுத்த சோடியம், பொட்டாசியம் சீட்டு வீட்டில் இருக்கிறதா? அந்த மரணம் இந்த நோயால்தான் என்றால், அடுத்து வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்தத் தாய்க்குப் பிறக்கும் அடுத்த குழந்தையை, அதுவும் ஆண் குழந்தை என்றால், மூன்றாம் நாளில் 17 ஓ.எச்.பி. எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முடிவு வரும் வரைக்கும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடையும், வாரம் ஒருமுறை சோடியமும் பொட்டாசியமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.